படிவத்தில் ஒரு கட்டம்



உங்கள் சபையிலும் இந்த வருடம் யாராவது ஒரு பிள்ளை ஜெர்மனிக்குப் படிக்கப் போகலாம். விசாவுக்காக ஜெபிக்கிறோம், பணத்துக்காக ஜெபிக்கிறோம். ஆனால் போய்ச் சேர்ந்த இரண்டு வாரங்களுக்குள் அந்தப் பிள்ளை பதில் எழுதவேண்டிய ஒரு கேள்வியைக் குறித்து ஒருவரும் சொல்லுகிறதில்லை. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

பணத்தைக் குறித்துச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது மெய். என்றாலும் ஒரு வருடத்துச் செலவுப் பணத்தை முன்னதாகவே வங்கியில் முடக்கிக் காட்டவேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. மாதம் 992 யூரோ என்ற கணக்கு. தாராவியில் ஒற்றை அறையில் வாழ்கிற குடும்பத்துக்கு அது எத்தனை நகை, எத்தனை சீட்டு என்பதை நீங்களே அறிவீர்கள்.

நான் படித்த ஊர் ஹாலே. தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்து, தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சேற்றிய சீகன்பால்க் ஐயர் கல்வி பயின்ற ஊர். அவருடைய தமிழ் இலக்கண நூல் 1716-ல் அங்கேதான் அச்சானது. தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. லூத்தர் பிறந்ததும் மரித்ததுமான ஐஸ்லேபன் அதே மாநிலத்தில் இருக்கிறது. ஆகவே பரிசுத்தவான்களின் தேசத்துக்குப் போகிறேன் என்று அம்மா சபையில் சாட்சி சொன்னார்கள். மெய் நிலையோ வேறு. நாற்பது வருடங்கள் பொதுவுடைமை ஆட்சியின்கீழ் இருந்த அந்த மாநிலத்தில், பெரும்பான்மையோர் இன்று எந்தச் சபையையும் சேராதவர்கள்.

இப்பொழுது அந்தக் கேள்விக்கு வருகிறேன். குடியேறிய எவரும் நகராட்சி அலுவலகத்தில் தம் முகவரியைப் பதிவு செய்யவேண்டும். அந்தப் படிவத்தில் மதத்தைக் கேட்கிற ஒரு கட்டம் உண்டு. 'இவாங்கேலிஷ்' என்ற சொல்லைக் கண்டால், நம்முடைய பிள்ளைகளுக்கு அது சுவிசேஷ சபை என்றே தோன்றும். அங்கே அந்தச் சொல் லூத்தரன், சீர்திருத்த மரபுகளைச் சேர்ந்த மாநிலத் திருச்சபைகளைக் குறிக்கும். அதை எழுதுகிறவரை அரசு அந்தத் திருச்சபையின் உறுப்பினராகக் கணக்கில் கொள்ளும், கத்தோலிக்கருக்கும் அப்படியே. பிற்பாடு வேலை கிடைத்து வருமான வரி கட்டும்போது, அந்த வரித்தொகையில் 9 சதவீதம் (பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் 8) சபை வரியாகக் கூடுதலாகப் பிடிக்கப்படும். அதை நிறுத்தவேண்டுமானால், சபையை விட்டு விலகுகிறேன் என்று அதிகாரிக்கு முன்பாகக் கையொப்பமிட வேண்டும். காணிக்கையினால் நடக்கிற பெந்தெகொஸ்தே சபைகள் இந்த வரியை வாங்குகிறதில்லை.

இவற்றையெல்லாம் நாகர்கோவில்காரரான ஒரு மூத்த மாணவர் முந்தின நாள் இரவில் எனக்கு விளக்கினார். "ஒன்றும் இல்லை என்று எழுதிவிடு, தம்பி" என்றார். அவருக்கு அது வரி விஷயம். எனக்கோ உறக்கம் வரவில்லை. மனுஷர் முன்பாக மறுதலிப்பது என்பது சிறுவயது முதல் நாம் நடுக்கத்தோடு கேட்ட வார்த்தை அல்லவா? அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். "இல்லை என்று எழுதவா முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாய்?" என்று கேட்டு அழுதார்கள். போதகரோ, "அந்தக் கட்டம் வரிக்கா, விசுவாசத்துக்கா? முதலில் அதை விசாரி" என்றார்.

விசாரித்தேன். "நான் கிறிஸ்தவன், பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவன்" என்று எழுதி மனப்பாடம் செய்துவைத்திருந்த ஜெர்மன் வாக்கியத்தைச் சொன்னேன். மேசைக்கு அப்பால் இருந்த அம்மையார் நிமிர்ந்து பார்த்து, "உங்கள் சபை வரி வசூலிக்கிறதா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியானால் இங்கே ஒரு கோடு" என்று கட்டத்தில் கோடிட்டார். அம்மாவுக்கு அந்தக் கோட்டில் இன்றுவரை முழுத் திருப்தியில்லை. எனக்குச் சமாதானமே. வாயினால் சொல்லிவிட்ட பிறகுதான் அந்தக் கோடு விழுந்தது.

ஆனால் அந்த வாயே பிறகு எனக்குச் சோதனையாயிற்று. நம்முடைய வீடுகளில் சத்தமாய் ஜெபித்தால் பக்கத்து வீட்டாரும் "ஆமென்" சொல்லுவார்கள். அங்கே இரவு பத்து மணிக்குமேல் ஊர் அடங்கவேண்டும். விடுதியின் சுவர்களோ மெலிந்தவை. ஒருநாள் கண்ணீரோடு ஆவியில் நிறைந்து ஜெபித்துக்கொண்டிருக்கையில் கதவு தட்டப்பட்டது. அடுத்த அறை மாணவி, எந்தச் சபையையும் அறியாதவள், முகம் வெளிறி நின்றாள். "உடம்பு சரியில்லையா? மருத்துவரை அழைக்கட்டுமா?" ஜெபம் என்றேன். எந்த மொழி என்று கேட்டாள். பாதி தமிழ் என்றேன். மீதியை விளக்க என்னிடம் இருந்த ஜெர்மன் போதவில்லை.

சில வாரங்கள் கழித்து, தேர்வுக்கு முந்தின நாள் மாலையில் அவள் மறுபடியும் வந்தாள். "எனக்காகவும் அதைச் செய்வாயா?" என்றாள்.

செய்தேன், தாழ்ந்த குரலில், பத்து மணிக்கு முன்பாக.