வடாமும் ராக்கெட்டும்

2021 மே 8. அப்போ நான் பத்தாவது. டிவியில் ஒரே செய்தி: சீனாவோட லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் காலி பாகம் பூமியில் விழப்போகுது. எடை சுமார் 20 டன்.

பாட்டிக்கு ஒரே கவலைதான். “டேய், நாளைக்கு மாடியில வடாம் போடலாமா வேண்டாமா? எப்போ விழுமாம்?”

யூடியூப்பில் பார்த்ததை வைத்து கெத்தா சொன்னேன்: “காலைல அஞ்சு மணிக்கு விழுந்துடும் பாட்டி.”

அஞ்சு ஆச்சு, ஆறு ஆச்சு, ஒண்ணும் விழல. பாட்டி கூழ் கிளறி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நம்ம நேரப்படி 7.54-க்கு மாலத்தீவு அருகே கடலில் விழுந்ததாகச் செய்தி வந்தது. அதுக்கப்புறம் வீட்டில் நான் சொல்ற எதையும் பாட்டி நம்பல.

அந்தக் கடுப்பில்தான் போன செமஸ்டர் மினி ப்ராஜெக்டுக்கு இதையே எடுத்தேன். பைத்தானில் சின்னதா ஒரு சிமுலேஷன். அப்போதான் புரிந்தது, ‘எத்தனை மணிக்கு’ என்ற கேள்வியே தப்பு.

மாடலில் காற்றின் அடர்த்தியை 10% மட்டும் கூட்டிப் பார்த்தேன். ஒரு நாள் மிச்சமிருந்த ராக்கெட் இரண்டு மணி நேரத்துக்கு மேல் முன்னாடியே விழுந்தது. நிஜத்தில் சூரியன் கொஞ்சம் சீறினாலே மேல் வளிமண்டலம் உப்பி, அடர்த்தி மாறிவிடும். போதாக்குறைக்கு ராக்கெட் உருண்டுகொண்டே வரும். எந்தப் பக்கம் காற்றில் மோதுது என்பதைப் பொறுத்து இழுவிசை மாறும். அது 90 நிமிஷத்தில் உலகத்தையே ஒரு சுற்று சுற்றுது. ஒரு நிமிஷம் தப்பினால் 450 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போகும், கிட்டத்தட்ட சென்னைக்கும் மதுரைக்கும் உள்ள தூரம். இரண்டு மணி நேரம் தப்பினால்? கண்டமே மாறிடும்.

அதனால்தான் இந்தத் துறையில் இருக்கிறவங்க ஒற்றை நேரம் சொல்வதில்லை. இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் என்றுதான் சொல்றாங்க. நேரம் நெருங்க நெருங்க அந்த இடைவெளி சுருங்கும், ஆனா பூஜ்யம் ஆகாது. நான் பார்த்த வீடியோ நடு நேரத்தை மட்டும் சொல்லி, பிளஸ்-மைனஸை விழுங்கியிருந்தது. நானும் அதையே பாட்டிக்குப் பரிமாறினேன்.

போன வாரம் போனில் இதையெல்லாம் பாட்டியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா. ‘சரியா தெரியாது, பத்து மணிக்குள்ள விழுந்துடும்’னு சொல்லியிருந்தா, பத்துக்கு மேல நிம்மதியா கூழ் கிளறியிருப்பேன்.”