மாத்திரையும் மாஸ்டர் கிளாக்கும்

ஹைதராபாத்தில் பத்துப் பேர் ஓர் அறையில் அமர்ந்து பேசும் தக்கினி உரையாடலைப் பதிவு செய்யவிருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனி மைக். எங்கள் ஆய்வகக் கருவியிலோ எட்டு உள்ளீடுகளே உண்டு. ஆகவே அதைப் போன்ற இன்னொன்றுக்கு விலை கேட்டோம். வந்த விலைப்பட்டியலில் நாங்கள் கேளாத பொருள் ஒன்றும் இருந்தது: தனியான மாஸ்டர் கிளாக். விலை, கருவியின் விலையையே விஞ்சியது. அதை இணைத்தால் ஒலியின் ஆழம் கூடும் என்றார் விற்பனையாளர். பொதுப்பணத்தில் வாங்கும் பொருளுக்கு எழுத்தில் நியாயம் காட்டியாக வேண்டும் என்பதால், இது எதற்கு என்று படிக்கத் தொடங்கினேன்.

எண்முறை ஒலிப்பதிவு என்பது ஒலியலையை நொடிக்கு 48,000 முறை அளந்து எழுதிக்கொள்வது. எப்போது அளப்பது என்று சொல்வது கருவிக்குள் இருக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகம். எந்தப் படிகமும் முற்றிலும் சரியாகத் துடிப்பதில்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை என்று கொள்வோம். 100 மில்லிநொடி நீளமுள்ள உயிரொலியை அளக்கும்போது அது வெறும் 2 மைக்ரோநொடி. தொல்காப்பியம் மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் அளவாகக் கொண்டது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. அந்த விகிதத்தை ஒரே கருவியின் பதிவில் அளப்பவருக்கு வெளிக்கடிகாரம் எதுவும் தேவையில்லை. சுருதி விலகுமோ என்று அஞ்சும் இசைக்கலைஞர்களுக்கும் இதுவே விடை: அந்தப் பிழை அரைச்சுரத்தின் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

கருவிகள் இரண்டாகும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. ஒன்று 20 பங்கு விரைந்தும் மற்றது 20 பங்கு தயங்கியும் ஓடினால், ஒரு மணி நேரத்தில் இரு பதிவுகளும் 144 மில்லிநொடி விலகிவிடும். பாட்டுக் கேட்பவருக்கு இது பொருட்டாகாமல் இருக்கலாம். நான் அளப்பதோ ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளியை. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஸ்டிவர்ஸ் குழுவினரின் ஆய்வு, அந்த இடைவெளி சராசரியாக 200 மில்லிநொடியை ஒட்டியது என்று காட்டியது. அப்படியானால் முதல் கருவியில் பேசியவருக்கு இரண்டாம் கருவியில் பேசியவர் இடைவெளி விட்டு மறுமொழி கூறினாரா, குறுக்கிட்டாரா என்பதைப் படிகங்களே முடிவு செய்துவிடும். யார் யாரை இடைமறிக்கிறார் என்பதைப் பற்றிய ஆய்வேட்டில் இதை விட்டுவைக்க முடியாது.

ஆக, இரு கருவிகளும் ஒரே துடிப்பைப் பின்பற்ற வேண்டும். அதற்காகப் புதுக் கடிகாரம் வாங்க வேண்டுமா? வேண்டாம். முதல் கருவியைத் தன் உள்படிகத்தில் ஓடவிட்டு, அதன் வேர்ட் கிளாக் துடிப்பை இரண்டாவதற்கு அனுப்பினால் போதும். ஒலித்தரமும் இதனால் குறையாது. உள்படிகம் மாற்றிச் சில்லுக்கு அருகிலேயே இருக்கிறது. வெளித்துடிப்போ கேபிள் வழியே வந்து, கருவியின் ஒத்திசைவுச் சுற்றால் நடுக்கம் தணிக்கப்பட்ட பிறகே மாற்றிக்குச் சேர்கிறது. விலையுயர்ந்த ரூபிடியக் கடிகாரமும் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். நல்ல வடிவமைப்புள்ள கருவியில் இரண்டுக்கும் வேறுபாடு காதுக்கு எட்டாது. ‘ஆழம்’ என்பது விலைப்பட்டியலில் மட்டுமே கூடுகிறது.

தனிக் கடிகாரத்துக்கு உரிய இடம் வேறு. பல கருவிகளும் காணொளிக் கேமராக்களும் ஒரே துடிப்பில் ஓட வேண்டிய ஒளிபரப்பு நிலையங்களில் அது அவசியம். அங்கேயும் வெளியீடுகளின் எண்ணிக்கை, காணொளி ஒத்திசைவு வசதி ஆகியவற்றைப் பார்த்துத் தேர்வதே முறை.

நாங்கள் அந்தப் பொருளை நீக்கிவிட்டு, அதே தொகையில் தலையணி மைக்குகளைச் சேர்த்து மறுபட்டியல் கேட்டிருக்கிறோம். இணைப்புக்கு 75 ஓம் பிஎன்சி கேபிள் ஒன்று போதும்; கடைசிக் கருவியில் 75 ஓம் முடிப்பானை இயக்க மறக்கலாகாது. இரண்டாம் கருவியின் ஒலிகள் ஏடாட் ஒளியிழையில் முதலாவதற்கு வரும். இரண்டிலும் 48 கிலோஹெர்ட்ஸ் தெரிவாகியிருக்க வேண்டும். பூட்டு விழவில்லையெனில் ‘டிக், டிக்’ என்ற வெட்டொலி கேட்கும். உறுதி செய்ய ஓர் எளிய வழி: கருவிக்கு ஒரு மைக்காக இரண்டை அருகருகே வைத்து, பதிவின் தொடக்கத்தில் ஒருமுறையும் ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறையும் கைதட்டுங்கள். இரு தட்டல்களிலும் இரு தடங்களுக்கிடையே உள்ள விலகல் மாறாமல் இருந்தால் துடிப்பு ஒன்றுதான்.