சுவர் வருது லாரியிலே!

உணவு, உடை, உறையுள் மூன்றில் நம்மவரை அதிகம் அலைக்கழிப்பது வீடுதான். கொத்தனார் மகன் என்ற உரிமையில் சொல்கிறேன்!

சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2013-இல் கண்ணாடி இழை கலந்த ஜிப்சம் பலகைகளால் நான்கு குடியிருப்புகள் கொண்ட இரண்டு தளக் கட்டடம் சுமார் ஒரே மாதத்தில் எழுந்தது. பலகையின் கனம் 124 மி.மீ.; நீளம் 12 மீட்டர் வரை. செங்கல், மணல், தண்ணீர், பூச்சு வேலை எல்லாமே மிச்சம்! இரும்பு டிரஸ்ஸும் அப்படித்தான். பட்டறையில் முக்கோணங்களாக அளந்து இணைத்து, கிரேனில் தூக்கி வைத்தால் கூரை தயார்.

இதையெல்லாம் அப்பாவிடம் அடுக்கினேன். "அப்ப எங்க கரணைக்கு என்னடா வேலை?" என்றார்.

"பலகையைத் தூக்குக்குண்டு பிடிச்சு நிமிர்த்தணும், துளையில கம்பி விட்டு கான்கிரீட் நிரப்பணும். அதுக்கு உங்க கைதானேப்பா வேணும்!" என்றேன். ஆனாலும் ஆள் தேவை குறையும் என்பது உண்மை. எனவே பலகையோடு பயிற்சியும் கொத்தனார்களைச் சேர வேண்டும். அது சிவில் படிக்கும் நம் கடமை. வீடு விரைந்து எழட்டும். கட்டியவர் வீட்டு அடுப்பும் எரியட்டும்!