ஒரு தட்டு ஜொன்

தென்கொரியாவின் பூசான் நகரில் ஆய்வு மாணவனாக இருந்த நாள்களில், ஒரு மூதாட்டியின் வீட்டு மாடியறையில் வாடகைக்குக் குடியிருந்தேன். தெருவிலுள்ளோர் அழைப்பதைப் போலவே நானும் அவரை 'ஹல்மொனி' என்றே அழைப்பேன். பாட்டி என்று பொருள்.

சந்திர ஆண்டின் எட்டாம் மாதம் 15ஆம் நாள் கொரியர்களுக்குச் சூசொக் என்னும் அறுவடைத் திருநாள். அன்று காலை ஹல்மொனி ஒரு தட்டு நிறைய ஜொன் கொண்டுவந்து தந்தார். காய், மீன், இறைச்சி ஆகியவற்றை மெல்லிய வில்லைகளாக்கி, மாவில் புரட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, சிறிதளவு எண்ணெயில் இருபுறமும் பொரித்தெடுப்பது ஜொன். நம் பஜ்ஜியைப் போல எண்ணெயில் மூழ்குவதில்லை. தட்டை நடுவில் வைத்து, சுற்றி அமர்ந்தோர் யாவரும் குச்சிகளால் எடுத்துச் சோயா சாற்றில் தொட்டு உண்பார்கள். மழை நாளானால் இதன் நினைவு வந்துவிடும் அவர்களுக்கு. வாணலியின் ஓசை மழையோசையைப் போன்றது என்பார்கள்.

அந்தத் தட்டில் இளம் பூசணி வில்லைகளோடு வட்டமான இறைச்சி அடைகளும் இருந்தன. அவற்றில் பெரும்பாலும் பன்றி இறைச்சி சேரும். தவிரவும், அவை முன்னோர்களுக்குப் படைத்து எடுத்தவை. இரண்டுமே நமக்கு ஆகாதவை. ஆயினும் இரு கைகளாலும் பெற்றுக்கொண்டு தலை தாழ்த்தி நன்றி கூறினேன். விளக்கிச் சொல்லக் கொரிய மொழி போதவில்லை என்று எனக்கு நானே காரணம் கற்பித்துக்கொண்டேன். 'இதை உண்ண மாட்டேன்' என்று சொல்ல எவ்வளவு மொழி வேண்டும்!

அங்கே உணவுக் கழிவைத் தனித் தொட்டியில்தான் போடவேண்டும். இரவில் யாரும் அறியாமல் போட்டுவிட்டேன். மறுநாள் காலை காய்த்தோல்களோடு வந்த ஹல்மொனி மூடியைத் திறந்தார். மேலாகவே கிடந்தன அந்த மஞ்சள் வட்டங்கள். படிக்கட்டில் நின்ற என்னை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூடியைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

அண்டை வீட்டார் உரிமை பற்றி எத்தனை பயான்கள் கேட்டிருப்பேன்! அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் இந்தோனேசியத் தொழிலாளர் ஒருவரிடம் மனம் திறந்தேன். "அவர் அறியாமல் தந்தார், நீங்கள் அறிந்தே மறைத்தீர்கள்" என்றார் அவர். வேறு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

பேரிக்காய்ப் பெட்டியொன்றுடன் சென்று, அரைகுறைக் கொரிய மொழியில் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு விசாரணை தொடங்கியது. மீன் ஆகுமா? முட்டை? கணவாய்? ஷாஃபிஈ மத்ஹபினனாகிய எனக்குக் கணவாயில் தயக்கமில்லை. "அப்படியானால் பாஜொன் ஆகும்" என்றார். வெங்காயத்தாளும் கடலுணவும் சேர்ந்த அந்த அடைக்கு, பூசானின் தொங்நே பகுதி பேர்போனது. கூடவே அருந்தும் மக்கொல்லி என்ற அரிசி மது வேண்டாம் என்றேன். "அது எனக்கு" என்று முதன்முறையாகச் சிரித்தார்.

அடுத்த சூசொக்குக்குப் புதிய வாணலி ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் அடுக்களைக்குச் சென்றேன். முதலில் காய், அடுத்து மீன், கடைசியில் இறைச்சி என்பதே அவரது வழக்கமான வரிசை. சுவை கலவாதிருக்க அப்படியாம். எனக்குரியதைப் படையலுக்கு முன்பே தனித்தட்டில் எடுத்து மூடினார்.

மாலையில் ஊரிலிருந்து வந்த அவர் மகன், இறைச்சி அடைகளைச் சூடாக்க ஆணியில் தொங்கிய அந்த வாணலியை எடுத்தார். ஹல்மொனி அவர் கையைத் தட்டிவிட்டார். "அதை வை. அது மாடிப் பையனுடையது."