வாவிக்கரை மணலில் இனிக்கும் தக்காளி

மட்டுநகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்லும் கல்முனைச் சாலை தனியழகு வாய்ந்தது. இடப்புறம் வங்கக் கடல். வலப்புறம் ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம். இதனை எழுவான்கரை என்றும், வாவிக்கு அப்பால் ஞாயிறு சாயும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் இந்நாட்டார் வழங்குவர். படுவான்கரை நெல்லுக்குப் பேர்பெற்றது. எழுவான்கரையிலோ ஆரையம்பதி, குருக்கள்மடம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு என ஊர்களைக் கடந்து களுதாவளையை அடையும்போது, தென்னஞ்சோலைகளுக்கிடையே வெற்றிலைக் கொடியும் காய்கறிப் பாத்திகளும் கண்ணைக் கவர்கின்றன. வெண்மணலில் இத்துணைப் பசுமை எவ்வாறு விளைந்தது என்று புதிதாய் வருவோர் வியப்பர். ஆழமில்லாத கிணறும், மாட்டெருவும், காலை மாலை தவறாது நீரூற்றும் கைகளுமே அதற்குக் காரணம்.

இந்த மணலில் ஒரு வீட்டின் பின்புறத்தில் பத்துத் தக்காளிச் செடி நட விரும்புவோர் எந்த இனத்தைத் தெரிந்தெடுப்பது என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள். குழம்புக்கும் சொதிக்கும் வேண்டிய தக்காளியைப்பற்றி நாம் பேசவில்லை. அவற்றுக்குப் புளிப்பே அழகு. வட்டமாக அரிந்து, சிறிது உப்பும் மிளகுத்தூளும் தூவி, பச்சையாகவே உண்ணத்தக்க இனிய பழத்தையே தேடுகிறோம்.

சந்தையில் இப்பழம் கிடைப்பது அரிது. தம்புள்ளையிலிருந்து லொறியேறி வரும் தக்காளி, வழிநெடுக அடுக்கிய பெட்டிகளின் பாரத்தைத் தாங்கவேண்டும். ஆதலின் தோல் தடித்ததாகவும் சதை இறுகியதாகவும் உள்ள இனங்களே வணிகருக்கு உகந்தவை. அவற்றையும் முற்றிச் சிவக்குமுன்னரே பறித்து விடுகின்றனர். வணிகரைக் குறைகூறிப் பயனில்லை. நசுங்கிய பழத்தை யார் வாங்குவர்? ஆனால் கொல்லையிலிருந்து அடுக்களைக்கு இருபது அடி தூரமே நடக்கும் பழத்துக்குத் தடித்த தோல் எதற்கு?

இனிப்பைப்பற்றி ஒரு செய்தி அறியத்தக்கது. பழைய இனங்கள் பலவற்றில் காய், காம்பைச் சூழ்ந்த பகுதியில் கரும்பச்சையாக இருக்கும். இதைப் ‘பச்சைத் தோள்’ என்பர். பழுக்கும்போது இப்பகுதி கடைசியாகச் சிவப்பதால், பார்வைக்கு ஒரே நிறமாய் இராது. ஆகவே சென்ற நூற்றாண்டில் பயிர் வளர்ப்பாளர், காய் முழுதும் ஒரே வெளிர்பச்சையாய் நின்று ஒருசேரச் சிவக்கும் இனங்களையே விரும்பிப் பெருக்கினர். 2012 இல் அமெரிக்க அறிவியலாளர் இதன் உட்பொருளை வெளியிட்டனர். ஒரே நிறம் தரும் அவ்வினங்களில், காயிலே பச்சையத்தை வளர்க்கும் ஒரு மரபுக்கூறு பழுதடைந்துள்ளது. அதனால் காய் தானாகவே ஆக்கிக்கொள்ளக்கூடிய சர்க்கரை குறைகிறது. அழகைத் தேடி இனிப்பின் ஒரு பங்கைக் கைவிட்டோம் என்றே சொல்லலாம். எனினும் பச்சைத் தோள் கண்டவுடன் இனிக்கும் என்று முடிவு கட்டிவிடலாகாது. தமிழ்நாட்டுப் பெரியகுளத்தின் பி.கே.எம். 1 பச்சைத் தோளுடையதே. ஆயினும் எம் நாவுக்கு அது குழம்புப் பழந்தான். மேலும், பழத்திலுள்ள சர்க்கரையின் பெரும்பங்கு இலைகளில் ஆக்கப்பட்டு வருவது. காற்றோட்டத்துக்கென்று இலைகளை அளவின்றிக் கிள்ளுவோர் இனிப்பையும் சேர்த்தே கிள்ளுகின்றனர்.

இனி மண்ணுக்கு வருவோம். இத்தாலியின் சிசிலித் தீவில் பக்கீனோ என்னும் ஊர்த் தக்காளி, 2003 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் காப்புரிமை பெற்றது. அங்கே கிணற்று நீர் சற்றே உவர்ப்பானது. யப்பானில் குமமோட்டோப் பகுதியில், கடலை மீட்டெடுத்த நிலத்தில் விளையும் பழத்துக்கு ‘உப்புத் தக்காளி’ என்றே பெயர். வேர் உவர்நீரை எளிதில் உறிஞ்ச இயலாமையால் பழம் சிறுக்கிறது, சர்க்கரையோ செறிகிறது. விளைச்சல் குறைந்து சுவை மிகும் இந்தக் கணக்கு வாவிக்கரைக்கும் பொருந்துவதே. கிணற்றில் உவர் தலைகாட்டத் தொடங்கும் கடைசிப் பறிப்பின் பழம் சிறுத்து இனிக்குமாயின், வியப்பதற்கில்லை.

இதைக் கேட்டு எவரும் பாத்தியில் உப்பைக் கரைத்து ஊற்றிவிட வேண்டாம்! உவர் மிகுந்தால் கல்சியம் எட்டாமற் பழத்தின் அடிப்புறம் கறுத்து அழுகும், செடியும் மாளும். இம்மணலின் அடியிலுள்ள நன்னீர், உப்புநீரின்மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படலம் போன்றது. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை கல்லடியிலும் களுதாவளையிலும் கிணறுகளை உப்பாக்கிச் சென்றபோது இதன் மென்மையை யாவரும் கண்கூடாகக் கண்டனர். அடுத்தடுத்த மாரிமழைகளே அவ்வுப்பைக் கழுவி இறக்கின. இயந்திரத்தால் அளவுக்கு மீறி இறைப்போர் கீழிருக்கும் உப்பை மேலே அழைக்கின்றனர் என்பதை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை.

இனங்களைப் பார்ப்போம். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் விதைப்பொட்டலங்களில் ‘பிராண்டிவைன்’ போன்ற பெரும்பழ இனங்கள் இருப்பதுண்டு. உண்போர் அவற்றைப் புகழ்வதில் பொய்யில்லை. ஆனால் இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழிறங்கும் நாடுகளுக்கே அவை ஏற்றவை. வாவிக்கரையில் தை மாதத்து இரவிலும் வெப்பம் 23 பாகையளவில் நிற்பதால், மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். செடி மட்டும் வாட்டசாட்டமாய் வளர்ந்து நிற்கும். அன்றியும், அனுமதியின்றி விதையை நாட்டுக்குள் கொண்டுவருதல் சட்டப்படி தகாது. ‘ரோமா’ நீள்வடிவப் பழம். சாறு குறைந்து சதை மிகுந்தது. தொக்குக்கும் சோஸுக்கும் நன்று, அரிந்து உண்ணச் சுவைக்காது. கொறுக்காய்ப்புளியைப் போல் வரிவரியாய்ப் புடைத்த நாட்டு இனமோ, வட்டமாக அரிய இடந்தராது. ‘லங்கா செரி’ சிறுபழம். குழந்தைகள் செடியிலேயே பறித்துத் தின்னலாம்.

எமது தெரிவு ‘மார்குளோப்’. 1925 இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் வெளியிட்ட இவ்வினம் இலங்கைக்கும் பழகியது. நடுத்தர அளவு, உருண்டை வடிவு, சாறும் சதையும் ஒத்த பழம். ஒட்டு வீரியக் கலப்பினமன்று. ஆதலின் நல்ல செடியின் பழத்திலிருந்து நாமே விதையெடுத்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, கழுவி, நிழலில் உலர்த்தி அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். பங்களூர்த் தோட்டக்கலை ஆய்வு நிறுவனத்தின் ‘அர்க்கா விகாஸ்’ முறைப்படி கிடைக்குமாயின் அதுவும் சாலச் சிறந்தது. வெளிர்பச்சைத் தோளும் 80 முதல் 90 கிராம் எடையும் உள்ள தட்டை உருண்டைப் பழம். பச்சையாக உண்ணும் சந்தைக்கென்றே உருவாக்கப்பெற்றது. முன்பு கத்தரியோ மிளகாயோ பற்றீரியா வாடலால் மடிந்த நிலமாயின் சுவையைச் சற்று விட்டுக்கொடுத்து, வாடலைத் தாங்கும் ‘திலின’வை நடுவதே விவேகம். ஐயமிருப்பின், வாடிய செடியின் தண்டை நறுக்கித் தெளிந்த நீரில் நிறுத்துக. பால்போன்ற இழை கீழே இறங்கினால் அந்நோய்தான்.

காலம் தவறினால் எந்த இனமும் இனிக்காது. கார்த்திகைக் கடைசியில், மழை படாத தாழ்வாரத்தில் விதைத்து, மார்கழி முடிவில் நாற்றை நடுக. மாசியில் பூத்து, பங்குனியில் பழுக்கும். பிந்தி நட்டவர் செடிகளின் பூவைக் கச்சான் காற்று வறட்டி உதிர்த்துவிடும்.

பழம் செடியிலேயே முழுதும் சிவக்கட்டும் என்று காத்திருத்தலும் இங்கே சரிவராது. பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுகையில் செந்நிறம் சரியாக ஊறாது மஞ்சளிக்கும். அணிலும் கிளியும் வேறு முந்திக்கொள்ளும். அடிப்புறத்தில் இளஞ்சிவப்புத் தோன்றியதும் காம்புடன் பறித்து, வீட்டினுள் நிழலான இடத்தில் ஒன்றன்மேலொன்று படாமற் பரப்பிவைத்தால் நான்கைந்து நாளிற் பழுத்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைக்கற்க. குளிரில் அதன் மணம் குன்றிவிடும். பழுத்ததைக் கூரிய கத்தியால் அரை விரற்கடைக் கனத்தில் அரிந்து, படுவான்கரை எருமைத் தயிர் ஒரு சட்டி அருகில் வைத்துக்கொண்டு உண்ணுக.