ஆள் வருது

எங்கள் ஊர்ப்பக்கம் ஆண்பிள்ளைகள் ஒருவரையொருவர் மாப்ள என்பார்கள், மச்சான் என்பார்கள். டீக்கடையில், விளையாட்டு மைதானத்தில், பைக்கில் கடந்து போகிற போக்கில். பெண் கொடுத்து எடுத்த உறவு எதுவும் இருக்காது. சாதிகூட ஒன்றாக இருக்காது. ஆனாலும் அந்தச் சொல் தாராளமாக வாயில் வரும். நாங்கள் இருவர் மட்டும் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அப்படி அழைத்துக்கொண்டதில்லை. மற்றவர்கள் விளையாட்டாகச் சொல்வது எங்களுக்கு விளையாட்டில்லை என்று இருவருக்கும் தெரியும். அவன் என்னை "ஏ" என்பான். நான் அவனை "டே" என்பேன். அதோடு நிறுத்திக்கொள்வோம்.

அவனை முதலில் பார்த்தது 2019 நவம்பரில். அந்த மாதம் 22ஆம் தேதிதான் தென்காசி, திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஊரெல்லாம் அதே பேச்சு. சித்தி மகள் கல்யாணத்துக்காக நான் சென்னையிலிருந்து போயிருந்தேன். முந்தின நாள் ராத்திரி, வீட்டு வாசலில் குட்டியானையிலிருந்து சேர்களை இறக்கி எண்ணிக்கொண்டிருந்தான். பந்தல் சாமான், சேர், சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை. அப்பா காலத்துத் தொழில். சீட்டில் எழுதியதைவிடப் பத்து சேர் அதிகமாக இருக்கிறதே என்று கேட்டேன்.

"சொல்லாம வாரவுகளும் உண்டும்லா? அவுகளுக்கும் இடம் வேணும்லா" என்றான்.

அவனுக்கு முன்னால் அந்தப் பதில்தான் எனக்குப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஆறு வருடம். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறுவேன். ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் என்று வரவர மேற்கே மலை கூடவே வரும். அவன் ஸ்டேஷனுக்கு வந்ததில்லை. நான் அவன் வீட்டுக்குப் போனதில்லை. சேர்ந்து எடுத்த போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. அவன் போனில் என் பெயர் 'மெட்ராஸ் பார்ட்டி'. என் போனில் அவன் பெயர் 'சேர் வாடகை'. அடுத்த மாதம் வருவேன் என்று நான் சொன்னதில்லை. வா என்று அவன் சொன்னதில்லை. போய் நின்றால் "வந்துட்டியா" என்பான். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை நாள் காத்திருப்பு இருந்தது என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

குற்றாலம் பேரருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு உண்டு. 'ஆர்ச்சைத் தாண்டித் தண்ணி விழுது' என்றால் அன்று குளிக்கத் தடை. வெள்ளம் வடிந்ததும் தடையை எடுத்துவிடுவார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று இறங்கிய வெள்ளம் 17 வயதுப் பையனைக் கொண்டுபோய்விட்டது. அதனால் அந்தத் தடையை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தலைமுறைக்கும் அப்படித்தான் திறந்தும் மூடியும் நடந்தது. 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம், தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து எங்களை விடுவித்தபோது நான் கல்லூரி மாணவன். 2013 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. 2018 செப்டம்பர் 6இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு மறுபடி கதவைத் திறந்தது. 1860ஆம் ஆண்டுச் சட்டம் எங்கள் மேல் குத்தியிருந்த குற்றவாளி முத்திரை போக 158 வருடம் ஆகியிருக்கிறது. ஆனால் ஒருமுறை கொடுத்துப் பிடுங்கியதைப் பார்த்த மனசு, மறுமுறை கொடுக்கும்போது கை நீட்டத் தயங்குகிறது. வெள்ளம் வடிந்த பிறகும் நாங்கள் எங்கள் தடையை எடுக்கவே இல்லை.

அவன் பயத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. ஊரார் கல்யாணத்தைப் பந்தலுக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அவன் பின்னாலிருந்து பார்த்தவன். அண்டா கழுவுகிற இடத்தில் கேட்கிற சண்டைகள், மொய் நோட்டை வைத்துக்கொண்டு நடக்கிற மனத்தாங்கல்கள் எல்லாம் அவனுக்குத் தெரியும். ஆறே மாதத்தில் பிரிந்துபோன ஜோடிக்கும் அவன்தான் சேர் போட்டிருந்தான். எங்களைப் போன்றவர்கள் வீட்டு நெருக்குதலுக்குப் பணிந்து ஒரு பெண்ணைக் கட்டி, அவள் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுத்ததையும் பார்த்திருக்கிறான். அந்தத் துரோகத்தைச் செய்வதில்லை என்பதில் இருவரும் உறுதியாக இருந்தோம். வீட்டில் ஜாதகக் கட்டை எடுத்தபோதெல்லாம் அவன் தென்காசியிலும் நான் சென்னையிலும் மாட்டேன் என்று சொன்னோம். மாட்டேன் என்று சொல்ல இருந்த தைரியம், சரி என்று சொல்வதற்கு வரவில்லை.

ஆணும் பெண்ணும் என்றால் ஊரே பின்னாலிருந்து தள்ளும். தட்டு மாற்றுவார்கள், பத்திரிகை அடிப்பார்கள், நாள் குறிப்பார்கள். தயங்குகிற மாப்பிள்ளையைக்கூட நாலு பேர் கூட்டிவந்து மணையில் உட்காரவைத்துவிடுவார்கள். எங்களைத் தள்ள யாருமில்லை. நாங்களாக நடந்தால்தான் உண்டு. 2023 அக்டோபர் 17இல் உச்ச நீதிமன்றம், தன்பால் திருமணத்தை ஏற்பது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டது. நண்பர்கள் பலர் அழுதார்கள். எனக்கு வந்தது ஒரு நிம்மதி. இனி யாரும் என்னிடம் முடிவு கேட்க மாட்டார்கள் என்ற நிம்மதி. அது எப்படிப்பட்ட நிம்மதி என்று புரிந்தபோது அன்று ராத்திரி தூக்கம் போய்விட்டது.

மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்களை நினைத்துக்கொண்டேன். பெற்றோர் பிரித்துவிடுவார்கள் என்று அஞ்சிச் சென்னைக்கு வந்து, பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் நின்றவர்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தன் மனத்தில் இருந்த முன்முடிவுகளை மறைக்காமல், உளவியல் நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, 2021 ஜூன் 7இல் ஆணை எழுதினார். 'மாற்றிவிடுகிறோம்' என்று சொல்லிக்கொண்டு நடக்கும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான், எங்களை எந்தச் சொல்லால் மரியாதையாகக் குறிப்பிட வேண்டும் என்ற பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. அரசாங்கமே சொல் கண்டுபிடித்துவிட்டது. நாங்கள் இன்னும் "ஏ", "டே"யில் இருந்தோம்.

2025 மே மாதம் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு, இன்னொரு பெண் இணையின் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது. அந்தச் செய்தியை அவன் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கூட ஒரு வார்த்தை இல்லை. நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். செய்தியை அல்ல, அவன் அனுப்பியிருக்கிறான் என்பதை.

அடுத்த முறை போனபோது காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றோம். அங்கே எப்போதும் ஒரு காற்று ஆளைத் தள்ளும். "எல்லாம் சரி. நாளைக்கு ஒடஞ்சு போச்சுன்னா?" என்றான், என்னைப் பார்க்காமல்.

அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில். இதற்கு என்றைக்காவது ஒரு குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர்களை உலகறியப் பணிகிறேன் என்று அவன் கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். அழியாது என்று அந்த அரசன் சவால் விடவில்லை. கோபுரம் பிற்காலத்தில் சிதைந்தது. நெடுங்காலம் மொட்டையாக நின்றது. 1990இல் மறுபடி எழுந்தது. "ஒடையும்னு தெரிஞ்சுதான் கட்டியிருக்காரு" என்றேன். அவன் பேசவில்லை. ஆனால் ரொம்ப நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரயிலில் திரும்பும்போது பிசிராந்தையார் நினைவுக்கு வந்தார். அவர் பாண்டிய நாட்டில், கோப்பெருஞ்சோழன் உறையூரில். ஒருவரையொருவர் கண்டதே இல்லை. பெற்ற மக்களோடு பகை மூண்டு சோழன் வடக்கிருந்தபோது, தன் பக்கத்தில் ஆந்தைக்கும் ஓர் இடம் விடுங்கள் என்றான். இத்தனை தொலைவிலிருந்து அவரா வரப்போகிறார் என்று சுற்றியிருந்தவர்கள் ஐயப்பட்டார்கள். அவர் வந்தார், நண்பன் பக்கத்திலேயே உயிர் விட்டார். புறநானூறு சொல்கிற கதை. அதற்கு நட்பு என்று பெயர். வேறு பெயர் வைக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது புரியாத ஒன்று அன்று புரிந்தது. அங்கே தாம்பூலம் இல்லை, பத்திரம் இல்லை. ஒருவன் இடம் விட்டான். ஒருவன் வந்து சேர்ந்தான். நான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்த காரியம் இவ்வளவுதான்.

ஜூலையில் சாரல் நன்றாக இருந்தது. மேற்கே கேரளத்தில் பெய்கிற மழை, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொஞ்சம் எங்களுக்கும் வந்துவிடும். சீசன் கூட்டத்தில் பைக் நிறுத்த இடம் கிடைக்காது என்று தென்காசியிலிருந்து பஸ்ஸில் போனோம். பேரருவியில் ஆண்கள் பக்கம் தோளோடு தோள் இடிக்கிற நெரிசல். அங்கே யாரும் யாரையும் கவனிப்பதில்லை. தண்ணீருக்கு அடியில் நின்றபோது அவன் என் காதருகே என்னமோ சொன்னான். அருவிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "என்ன?" என்று கத்தினேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டான்.

சாயங்காலம் திரும்பும்போது பஸ்ஸை மொய்த்துக்கொண்டு கூட்டம். நான் ரம்புட்டான் வாங்கக் கொஞ்சம் பின்தங்கிவிட்டேன். அவன் ஓடிப்போய், ஈரத்துண்டை ஜன்னல் வழியே சீட்டில் போட்டுவிட்டு ஏறினான். நான் படிக்கட்டில் கால் வைத்தபோது ஒரு பெரியவர் அந்தத் துண்டைக் கையில் எடுத்திருந்தார். முன்சீட்டில் அவனுக்குத் தெரிந்த சமையல்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இங்க ஆள் வருதா?"

"வருது அண்ணாச்சி."

"எங்க? யாரையும் காணுமே. யாருப்பா அது?"

அவன் சமையல்காரரைப் பார்த்தான். பிறகு பெரியவரைப் பார்த்தான்.

"எங்க வீட்டு ஆளு" என்றான்.

பெரியவர் துண்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நகர்ந்தார். நான் போய் உட்கார்ந்தேன். சீட் நனைந்திருந்தது. பஸ் கிளம்பி வெகுநேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. தென்காசி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டான்.

"அடுத்த மாசம் என்னைக்கு வாரே?"

"ஆகஸ்ட் 2. சனிக்கிழமை காலையில."

விரலில் ஏதோ முகூர்த்தக் கணக்குப் போட்டுப் பார்த்தான்.

"சரி. ஸ்டேஷனுக்கு வாரேன்."