ஐந்து மணிக்கு முன்

நியூயார்க்கின் இரவை உயரத்திலிருந்து படமெடுக்க பெரெனிஸ் ஆபட்டுக்கு வருடத்தில் சில நாட்களே வாய்த்தன. ஆபீஸ்கள் 5 மணிக்கு முடியும், விளக்குகள் அணைந்துவிடும். அதற்குள் இருட்டியும் இருக்க வேண்டும். அதனால் பகல் மிகக் குறுகும் டிசம்பரைத் தேர்ந்தெடுத்தார். 1930களில், எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலிருந்து, 15 நிமிட எக்ஸ்போஷர்.

அந்தப் படம் என் லேப்டாப்பில் வால்பேப்பராக இருக்கிறது. "இதுல உன் ஆபீஸ் எதுப்பா?" என்று ஒருநாள் மகள் கேட்டாள். "இது அமெரிக்காம்மா" என்றேன். ஆனால் கேள்வி சரியானதுதான். ரிலீஸ் நாட்களில் இரவு 11 மணிக்கும் அணையாத ஜன்னல்களில் ஒன்று என்னுடையது. மேலிருந்து பார்த்தால் நகரம் ஜொலிக்கும். உள்ளே ஆறிப்போன டீயோடு ஒருத்தன் லாக் பார்த்துக்கொண்டிருப்பான். ஆபட்டின் ஒவ்வொரு வெளிச்சப் புள்ளியிலும் அப்படி யாரோ மணி 5 ஆகட்டும் என்று காத்திருந்திருப்பார்கள்.

ஆபட் தெருவுக்கும் இறங்கினார். 'சேஞ்சிங் நியூயார்க்' திட்டத்துக்காகப் பெரிய கேமராவைச் சுமந்து அலைந்தார். 1937இல் பிளீக்கர் தெருவின் ரொட்டிக்கடை ஒன்றை எடுத்தார். கண்ணாடிக்குப் பின்னால் ரொட்டிகள் ஒவ்வொன்றாகத் தெரியும். விடியும் முன் எழுந்து மாவு பிசைந்த யாரோ ஒருவரை அதில் உடனே உணர முடிகிறது. இரவுப் படத்தில் அதற்கு என் மகளின் கேள்வி தேவைப்பட்டது.